தேறிய மண்

அலுவலகத்தில் எனக்கு மண்புழு என்று பெயர். வைத்தவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள், பெயர் மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது. பதினான்கு வருடமாக ஈயச் சுரங்கத்தின் கழிவு மேட்டைச் சுற்றியுள்ள வீடுகளில் மண் அள்ளுகிறேன். சுரங்கக்காரர்கள் மூடிவிட்டுப் போய்விட்டார்கள், மேட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. காற்றடித்தால் கொடியில் காயும் துணியெல்லாம் சாம்பல் பூத்துவிடும்.

வீட்டுக்கு ஒரு பை, பைக்கு இரண்டு கிலோ. பரிசோதனைக்கு ஒரு கரண்டி போதும். எங்கள் பழைய இயந்திரத்துக்கு எண் சொல்லத் தெரியாது. அலமாரியில் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய சுத்தமான மண் இருக்கும். அதைவிட இதில் ஈயம் ரொம்ப அதிகமா, இல்லையா என்று மட்டும் சொல்லும். அதிகமென்றால் மீதிப் பை பூட்டுப் போட்ட டிரம்முக்குள் போகும். இல்லையென்றால் 'தேறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

தேறிய பைகளைக் கொட்ட மனசு வரவில்லை. எங்கள் வீடு மலைக்கு அந்தப் பக்கம், கொல்லை முழுக்கப் பாறை. பை பையாகக் கொண்டுபோனேன். "ஊர் மண்ணையெல்லாம் வாரிட்டு வர்றீங்களே, சாபம் விடப்போறாங்க" என்று சிரித்துக்கொண்டே மனைவி கீரைப் பாத்தி போட்டாள். பள்ளிக்கூடத்தில் மகளுக்கு மார்க் குறைந்தால்கூட "தேறலைன்னா டிரம்முதான்" என்பேன். அவள் பயந்ததே இல்லை.

ஜாடி மண் தீர்ந்தால் ஐம்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து எடுத்து வர வேண்டும் என்பது விதி. இரண்டு வருடம் போனேன். பிறகு ஜீப்புக்கு டீசல் இல்லை, அப்புறம் ஜீப்பே இல்லை. "உங்க வீடு மலைக்கு அந்தப் பக்கம்தானே, அங்கேருந்து கொண்டு வாங்க" என்றார் மேலதிகாரி. பாத்தியிலிருந்து அள்ளி வந்தேன். அதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. நானே தேறியது என்று எழுதிய மண்தானே.

புது இயந்திரத்தோடு போன மாதம் ஒரு வேதியியல் மேடம் வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். நேற்று அவர் ஜாடி மண்ணையே இயந்திரத்தில் வைத்துவிட்டார்.

"சார், இந்த மண்ணு எங்கேருந்து வந்துச்சு?"

"ஏன் மேடம்?"

"இருக்க வேண்டியதைவிட ஏழு மடங்கு ஈயம் இருக்கு."

"எங்க வீட்டுப் பாத்தி மண்ணு" என்றேன், சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. தேறிய ஒவ்வொரு பையிலும் கொஞ்சம் ஈயம் இருந்திருக்கிறது. அது பாத்திக்குப் போனது. பாத்தி ஜாடிக்கு வந்தது. ஜாடி கெடக் கெட, இன்னும் மோசமான மண்ணும் தேறியது. அதையும் நானேதான் முதுகில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

மேடம் குரலைத் தாழ்த்தினார். "ஆபீஸ் தூசு பட்டு ஜாடி இங்கேயே கெட்டுப்போச்சுன்னு எழுதிடலாம் சார். உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம்தானே சர்வீஸ்."

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குக் கோபம்கூட வரவில்லை, அசதியாக இருந்தது. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஏழு மாதம், பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். "ரத்தம் ஊறணும், இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று மனைவி கீரையை அள்ளி வைத்தாள். நான் தட்டைப் பிடுங்கினேன். ஒருநாளும் அவள் தட்டில் கை வைத்தவனில்லை நான்.

சொன்னேன். மனைவி கரண்டியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள். "இத்தனை வருஷமா என் கையாலதானே போட்டேன்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

மகள் தன் வயிற்றைப் பார்த்தாள். பிறகு, "அந்த வீட்டுக்காரங்களுக்குத் தெரியுமாப்பா?" என்றாள்.

"இன்னும் இல்லம்மா."

"அங்கேயும் யாராச்சும் மாசமா இருப்பாங்கல்ல?"

சாப்பாட்டு மேஜையிலேயே கடிதம் எழுதினேன். ஜாடி மண் என் வீட்டுப் பாத்தி மண், நான் கையெழுத்துப் போட்ட முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளையும் மறுபடி பார்க்க வேண்டும். பென்ஷன் போனால் போகட்டும் என்று நினைத்தேன்.

காலையில் கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, மகளை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். நர்ஸ் சின்னக் குழாயில் ரத்தம் எடுத்தார். பைகளில் சீட்டு ஒட்டிய பழக்கதோஷத்தில் பெயர்ச் சீட்டை நான் வாங்கிக்கொண்டேன்.

மகள் பஞ்சை அழுத்திக்கொண்டே கேட்டாள். "இது தேறலைன்னா எந்த டிரம்முலப்பா போடுவீங்க?"

கிண்டலாகத்தான் கேட்டாள். நான் குனிந்து குழாயில் சீட்டை ஒட்டினேன். அது கோணலாகப் போயிற்று. நர்ஸ் பிரித்து மறுபடி ஒட்டினார்.