கொம்பு தொலைந்த தொக்கு

ஆழ்வார்பேட்டையில் சுயம்புலிங்கத்தின் மளிகைக் கடைக்கு லூர்துமேரியின் நெத்திலித் தொக்கு விற்பனைக்கு வந்தது. வந்த முதல் நாளே ஏழு பேரை அடித்தது. பாட்டில்கள் அலமாரியிலிருந்து தாமாக எம்பி, வாங்க வந்தவர்களின் முழங்காலைப் பார்த்து இடித்துவிட்டு, உடையாமல் இடத்துக்குத் திரும்பின. ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவருக்கு மட்டும் நெற்றியில் பட்டது. அவர் குனிந்து விலை பார்த்துக்கொண்டிருந்தார். "யக்கா, தொக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆளை அடிக்கு," என்று சுயம்புலிங்கம் போனில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அந்தத் தட்டில் அப்பளம் அடுக்கிவிடுவதாகவும் சொன்னார்.

பட்டினப்பாக்கத்தில் லூர்துமேரி போனை வைத்தாள். இருபத்தாறு வருடம் தலையில் மீன்கூடை சுமந்து கழுத்து எலும்பு தேய்ந்து, இனிமேல் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு தொடங்கிய தொழில் இது. அந்தத் தட்டு போனால் மறுபடி கூடைதான். பாட்டிலைக் கையில் எடுத்து, முதல்முறையாக, லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். தரமணியில் டிசைன் ஆபீஸ் வைத்திருக்கும் கிரீஷ் செய்துகொடுத்த லேபிள் அது. தங்கக் கரையும் ஓரத்தில் அலையுமாக, கல்யாணப் பத்திரிகை தோற்றது போங்கள். ஆனால் அவன் கம்ப்யூட்டர் தமிழ் எழுத்தின் கொம்புகளை மட்டும் தின்றுவிட்டிருந்தது. கிரீஷ் தமிழ் பேசுவான், படிக்க வராது. கொம்பை இழந்த தொக்கு, 'தாக்கு' என்று நின்றது. பாட்டில்களைக் குறை சொல்ல முடியாது, எழுதியிருந்ததைச் செய்தன.

"ஆபீஸ்காரன் போட்டா கரீட்டா இருக்கும்னு பாக்காத வுட்டேன். தொக்கா மாட்டிக்கினேன்டி," என்று மகள் டயானாவிடம் புலம்பினாள். கிரீஷுக்குப் போன் போட்டால், வரிசையில் பதினான்கு பேர் இருப்பதால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றான். "அதுவரைக்கும் ஊரு முட்டி தாங்குமா நைனா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டு, டயானாவின் போனில் தானே விரலால் வரைய உட்கார்ந்தாள். முதல் லேபிளில் மாதா, கட்டுமரம், தென்னை, நெத்திலி, தன் படம் என்று ஒன்பது நிறத்தில் எதையும் விட்டுவைக்கவில்லை. அதை ஒட்டிய பாட்டில் தலைசுற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டது. இரண்டாவதில் எழுத்தைப் பொடிப்பொடியாக எழுதினாள். அந்தப் பாட்டில் வெட்கப்பட்டுச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. சனிக்கிழமை மத்தியானம்தான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. இது கூடையில் மீன் அடுக்குகிற வேலை. நல்ல மீன் முன்னால், மற்றது பின்னால், நடுவில் காற்று போக இடம். மஞ்சளில் ஒரே ஒரு நெத்திலியை வரைந்து, 'தொக்கு' என்று பெரிதாக எழுதி, கொம்பை எவனும் பிடுங்க முடியாதபடி ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி வளைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பாட்டில்கள் சமர்த்தாக நின்றன. தாசில்தார் இரண்டு வாங்கினார். லூர்துமேரி கடை வாசலிலேயே அழுதுவிட்டாள்.

நான்கு வருடத்தில் தொக்கு மயிலாப்பூர், அடையாறு, மேற்கு மாம்பலம் என்று பரவியது. லேபிள் வேலையை இப்போது மறுபடி கிரீஷ்தான் செய்கிறான், அவளுக்கு நேரமில்லை. ஆனால் அச்சுக்குப் போகுமுன் தரமணிக்குப் போய், அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கொம்பு எங்க கீது, காட்டு," என்பாள். கிரீஷும் தமிழில் அந்த ஒன்றை மட்டும் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். பழைய 'தாக்கு' பாட்டில்களில் மூன்றை அவள் தூக்கிப்போடவில்லை. பட்டினப்பாக்கத்தில் அவள் போட்டிருக்கும் கடையில், கதவுக்குப் பக்கத்துப் பலகையில் அவை நிற்கின்றன. அந்தக் கடைக்குப் பூட்டு கிடையாது.