ஒரே இடத்தில் மூன்று முறை

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஸாதனாவின் கைப்பேசி அலறியது. விண்வெளித் தொலைநோக்கி ஒன்று காமாக் கதிர் வெடிப்பைப் பிடித்திருந்தது. அந்த வாரம் அதைக் கவனிக்கும் முறை அவளுடையது. மட்டாஞ்சேரி வீட்டின் சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள்.

கலூர் மைதானத்தில் பந்தாட்டம் பார்க்கக் கணவன் விஸ்வநாத் டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். "அரை மணிக்கூர் தாங்கோ, முடிச்சுடறேன்" என்றாள் ஸாதனா.

அவளுக்கு இது பழகிய வேலை. தொலைநோக்கியின் முகப்பில் சிறு ஈயத் துண்டுகள் பதித்த தட்டு உண்டு. கதிர் வரும்போது அவற்றின் நிழல் உள்ளே விழும். அந்த நிழலை வைத்து எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கருவியே கணக்குப் போட்டு, அந்தப் பக்கம் தானே திரும்பி, எக்ஸ்ரேயில் இன்னும் நெருக்கமாகப் பார்த்து இடத்தைச் சொல்லிவிடும். ஸாதனா அதைச் சரிபார்த்து அறிவிப்பு எழுதினாள்: காமாக் கதிர் வெடிப்பு, தொலைதூரத்தில் ஒரு நட்சத்திரத்தின் மரணமாக இருக்கலாம். ஹவாயில் அப்போது இரவு. அவள் சொல்லை நம்பி அங்கே ஒரு பெரிய தொலைநோக்கி தன் வேலையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பியது.

நாலே முக்காலுக்குக் கைப்பேசி மறுபடியும் அலறியது. புது வெடிப்பு. இடத்தைப் பார்த்தவள் பழைய படத்தின்மேல் புதியதை வைத்துப் பார்த்தாள். இரண்டு புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

திருப்பூணித்துறையில் இருந்த சக ஆய்வாளன் ஸ்ரீநாத்தைக் கூப்பிட்டாள்.

"ஒரு நட்சத்திரம் எத்தனை தடவைடா சாகும்?"

"ஒரு தடவைதான். எங்கேயாக்கும் இருக்கு அது?"

"பால்வீதியோட தூசிப் பட்டைக்குப் பக்கத்துல." சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. முதல் அறிவிப்பில் அதை எழுதாமல் விட்டிருந்தாள்.

"அப்போ இங்கேயே, நம்ம பால்வீதிக்குள்ள இருக்கற ஏதோ ஒண்ணு. திருத்தி எழுதிடு."

"கதிர் ஏறி எறங்கற விதத்தைப் பாரு. பால்வீதிக்குள்ள வெடிக்கற மாதிரியும் இல்லையே."

"வேறே என்னவாக்கும்?"

"எனிக்கு ஒண்ணும் மனசிலாகல்லை."

விஸ்வநாத் வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டு நின்றான். "இப்போ எறங்கல்லைன்னா பாலத்துல வண்டியெல்லாம் ப்ளாக்காயிடும். வரியா?"

"நீங்கோ போயிட்டு வாங்கோ" என்றாள், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். அவன் ஒரு டிக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு இறங்கினான்.

கருவிக்கோளாறோ என்று பார்த்தாள், இல்லை. சூரியனின் சேட்டையோ என்று பார்த்தாள், திசை வேறு. ஸ்ரீநாத் சொன்னபடியே எழுதத் தொடங்கி இரண்டு வரியை அழித்தாள். பால்வீதிப் பொருள் என்று எழுதிவிட்டால் தூரத்தில் தேடுகிறவர்கள் எல்லாரும் கையைக் கழுவிவிடுவார்கள். அதுவும் தப்பாகப் போனால்? ஒரே நாளில் இரண்டு தப்பு. ஆனால் எதுவும் எழுதாமல் இருப்பது அதைவிட மோசம்.

ஆறே காலுக்கு மூன்றாவது வெடிப்பு வந்தது, அதே புள்ளியில்.

இனி தள்ளிப்போட முடியாது. புது அறிவிப்பை எழுதினாள்: "எங்கள் முதல் விளக்கத்தைத் திரும்பப் பெறுகிறோம். இது என்னவென்று எங்களுக்குத் தெரியவில்லை. பால்வீதிக்குள்ளும் இருக்கலாம், வெளியேயும் இருக்கலாம். தயவுசெய்து தொடர்ந்து பாருங்கள்." ஒன்பது வருட வேலையில் 'தெரியவில்லை' என்று அவள் அறிவிப்பில் எழுதியதில்லை. அனுப்பிவிட்டுத் தலையைக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஹவாய்க்காரர்கள் விடாமல் பார்த்தார்கள். நான்காம் நாள் அகச்சிவப்புப் படம் ஒன்று வந்தது. தூசிக்குப் பின்னால், அந்தப் புள்ளியிலேயே, மங்கலாக ஒரு விண்மீன் கூட்டம். நம் பால்வீதியைத் தாண்டி, எண்ணிப் பார்க்க முடியாத தூரத்தில்.

ஸ்ரீநாத் உடனே கூப்பிட்டான். "நல்ல காலம், நான் சொன்னதை நீ எழுதல்லை. இப்போவாவது மனசிலாச்சா?"

"எங்கே? பக்கத்துல இருந்தா மூணு தடவை வெடிக்கலாம், செரி. அத்தனை தூரத்துல, அத்தனை பலத்தோட எப்படிடா மூணு தடவை?"

ஸாதனா படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். சாம்பல் நிறக் கட்டங்கள்தான் பெரிதாகிக்கொண்டே போயின.