வண்டி இல்லாத தீவைப் பற்றி நான் எழுதியது

1

இந்தக் கதை என் பொய்யிலிருந்து தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு வார இதழில் ஒரு தீவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். கார் கிடையாது, பைக் கிடையாது, நாற்பதே வீடு, நடந்து முடியாத நீளத்துக்கு மணல். அதெல்லாம் உண்மை. ‘அங்கே போய் வந்தால் மனப் பாரமெல்லாம் இறங்கிவிடும்’ என்று முடித்திருந்தேன். அதுதான் பொய். நான் அங்கே இருந்தது நாலு மணி நேரம். அப்போது என் மனதில் பாரம் எதுவும் இல்லை. பக்கம் நிரம்ப ஒரு வரி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இதழ் வந்து பத்து நாள் கழித்துப் பாலவனத்தத்திலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள்.

“சார், அங்கன நெசமாவே வண்டியே கெடையாதா?”

“கெடையாதும்மா.”

“ட்ராக்டரு?”

“அதுவும் இல்ல.”

“இந்த லோடு வண்டி... ரிவர்ஸ் எடுத்தாப் பாட்டுப் பாடுமே, அது?”

இல்லை என்றேன். எப்படிப் போவது என்று கேட்டாள், சொன்னேன். எதற்குக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. எழுதுகிறவனுக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்சப் புத்தி அன்று எனக்கு இல்லை.

2

அவளைக் காளீஸ்வரி என்று வைத்துக்கொள்கிறேன். கணவரை வீரபாண்டி என்று. இரண்டும் அவர்களுடைய பெயர் அல்ல. குழந்தைக்கும் ஒரு பெயர் வைக்கப் பார்த்தேன். மூன்று பெயர் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். நாலு வயதுப் பெண் குழந்தை. அது போதும்.

‘அன்று காலை கரிசல் காட்டின் மேல் வானம் வெளிறிக் கிடக்க,’ என்று தொடங்கினேன். (அந்த வீட்டில் அன்று வானத்தை யார் பார்த்தார்கள்? நிறுத்திவிட்டேன்.)

நடந்தது இதுதான். வீரபாண்டி சொந்தமாக லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அன்று மக்காச்சோள மூட்டைகளை ஏற்றிக்கொண்டு விருதுநகருக்குக் கிளம்பினார். வீட்டு வாசலிலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்தார். குழந்தை பின்னால் வந்து நின்றிருந்தது.

அடுத்த வரியை ஆறு தடவை எழுதினேன். ஆறில் ஒன்றுகூட இங்கே இல்லை.

ஊர் அவரைக் குற்றம் சொல்லவில்லை. காளீஸ்வரியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் அதற்குப் பிறகு வண்டியைத் தொடவே இல்லை. தெருவில் எங்காவது அந்த ரிவர்ஸ் பாட்டுக் கேட்டால் சோற்றில் வைத்த கையை எடுத்துவிடுவார். வீட்டுக்குள்ளேயே ஓர் எட்டுப் பின்னால் வைக்க வேண்டுமென்றாலும் திரும்பி, குனிந்து, தரையைப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார். இப்படிப் பதினோரு மாதம். பஸ்ஸில் யாரோ விட்டுப்போன இதழில் காளீஸ்வரி என் கட்டுரையைப் படித்தது அப்போதுதான்.

தீவுக்குப் படகு ஏறும் கரை வரை பஸ்ஸில்தான் போக வேண்டும். வீரபாண்டி துண்டால் காதைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடியபடியே வந்தாராம்.

3

தீவில் இறங்கியதும் அவள் கண்ணில் பட்டது கடல் அல்ல. (கட்டுரையில் கடலுக்கு நான் ஒன்பது வரி செலவழித்திருந்தேன்.) பாதையின் நட்டநடுவில் ஒரு குழந்தை மல்லாந்து படுத்திருந்தது. அதன் அம்மா பத்தடி தள்ளி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். காளீஸ்வரி பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்க் குழந்தையை வாரித் தூக்கினாள். அது வீறிட்டது.

“ஏங்க, என்ன செஞ்சுச்சு புள்ள?” என்று எழுந்து வந்தாள் அந்தப் பெண்.

“நடுப்பாதையில கெடக்குதுல்ல...”

“கெடந்தா என்ன? இங்க என்ன வந்துறப் போவுது?”

காளீஸ்வரி குழந்தையை இறக்கிவிட்டாள். அது அதே இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

‘ஓரமா வா’ என்று எந்தத் தாயும் கத்தாத ஊர் அது. நாலு மணி நேரம் இருந்தும் என் காதுக்கு அது எட்டவில்லை.

4

மறுநாள் காலை கரைவலை இழுத்தார்கள்.*

* கடலில் வளைத்து விட்ட வலையைக் கரையில் நின்று இழுப்பது. இரண்டு வரிசையாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடியே பின்னால் நடக்க வேண்டும்.

“அண்ணே, ஒரு ஆள் கொறையுது, ஒரு கை பிடிங்க” என்று கூப்பிட்டார்கள். வீரபாண்டி போய்க் கயிற்றைப் பிடித்தார். முதல் எட்டுக்குத் திரும்பிப் பார்த்தார். இரண்டாவதற்கும் பார்த்தார். பின்னால் மணலில் பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

“அங்கிட்டு என்னண்ணே பாக்குறீக, கயித்த விட்றாதீக!” என்று பக்கத்தில் இருந்தவன் சத்தம் போட்டான்.

பிள்ளைகள் தாங்களாகவே விலகினார்கள். பத்து எட்டு வைத்த பிறகு வீரபாண்டி திரும்பிப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தபடியே பின்னால் நடந்தார். வலை கரைக்கு வந்தபோது ஒரு மீன் துள்ளி அவர் முழங்காலில் அடித்தது. சிரித்தார். பதினோரு மாதம் கழித்துக் காளீஸ்வரி அவர் பல்லைப் பார்த்தாள்.

[முதல் பிரதியில் இந்த இடத்தில் அவளும் சிரித்தாள், கண்ணீரோடு. கட்டுரை எழுதிய அதே கைதான் அதையும் எழுதியது.]

உண்மையில் அவள் வலைப் பக்கம் போகாமல் திரும்பி நடந்துவிட்டாள்.

5

மத்தியானம் சாப்பிட்ட கையோடு அவர் சொன்னார்:

“காளி, இங்கனயே இருந்துருவமா? வலைக்கு ஆள் பத்தலைங்கிறாக.”

“ராத்திரி நல்லாத் தூங்குனீகளோ?”

“ம். கனவுல அவ வரவே இல்ல.”

“எனக்கு வந்தா.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “நாளைக்குப் படகுல நான் போறேன். நீங்க இருங்க” என்றாள் அவள்.

“என் மேல கோவம்னா கேட்ரு. ஒரு நாளும் ஒரு வார்த்த கேக்கலையே நீ. நாந்தான கொன்னேன்? கேளு காளி.”

அவள் வாயைத் திறந்தாள்.

“படகு எத்தன மணிக்கு?” என்றாள்.

6

இவ்வளவையும் ஊர் திரும்பிய பிறகு அவள்தான் போனில் சொன்னாள். அவள் மட்டும் திரும்பிவிட்டாள் என்று தெரிந்ததும் நான் மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில், வீரபாண்டி மறுநாளே அடுத்த படகு பிடித்து வந்துவிடுகிறார். இன்னொன்றில், அவள் பாதிக் கடலில் படகைத் திருப்பச் சொல்கிறாள். மூன்றாவதில் கடல் இருக்கிறது, அவர் இல்லை. அருப்புக்கோட்டையில் என் வீட்டுக்கு வந்து, நான் படிக்கப் படிக்க மூன்றையும் கேட்டாள். கொடுத்த காப்பி ஆறிப்போயிற்று.

“இதுல நான் எங்க சார் இருக்கேன்?” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“அன்னைக்குப் பிள்ள அடுப்படியில எங்கிட்டத்தான் இருந்தா. வண்டி எடுக்குற சத்தம் கேட்டுச்சு. ‘அப்பா போறாக பாரு, ஓடிப் போயி டாட்டா சொல்லிட்டு வா’ன்னு நாந்தான் அனுப்புனேன். அவுகளுக்குத் தெரியாது. பிள்ள தானா வந்து நின்னுச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காக.”

“சொல்லியிருக்கலாமேம்மா.”

“அவுக கேளு கேளுன்னப்ப சொல்லத்தான் வந்தேன். சிரிச்ச மொகத்தப் பாத்துட்டேன்ல சார். சொன்னா அவுக சொமை கொறையுமா, இல்ல எம்மூஞ்சியிலயே முழிக்க மாட்டாகளா? ஒண்ணும் தெரியல.”

பிறகு, “இத எழுதுங்க. அந்தத் தீவுக்குப் பொஸ்தகமெல்லாம் வராது” என்றாள்.

எழுதச் சொல்கிறாளா, அவர் கண்ணில் படாமல் எழுதச் சொல்கிறாளா? கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

7

அவள் தீவிலிருந்து திரும்பி எட்டு மாதம் ஆகிறது. வீரபாண்டி இன்னும் அங்கேதான் இருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் யாருடைய போனிலிருந்தோ கூப்பிடுவார். மழை பெய்ததா என்று கேட்பார். சாப்பிட்டீகளா என்று அவள் கேட்பாள். வேறு பேச்சு கிடையாது.

போன வெள்ளிக்கிழமை மட்டும் வேறு பேச்சு இருந்தது. அதை நேற்று அவள் என்னிடம் சொன்னாள். கூப்பிட்டவர் மழையைப் பற்றிக் கேட்கவில்லை. “இன்னொரு பிள்ள பெத்துக்கிருவமா காளி? இங்கன வளப்போம். பயமில்லாம வளப்போம்” என்றாராம். அடுத்த வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

“என்ன சொல்ல சார்? நீங்க எழுதுறவுகதான?” என்றாள் என்னிடம்.

இன்று புதன்கிழமை. அவளுக்காக இவ்வளவு எழுதிப் பார்த்தேன்: ‘இங்க பாருங்க, அன்னைக்குப் பிள்ளைய’

அதற்கு மேல் எனக்கு வரவில்லை. ‘சரிங்க, வாரேன்’ என்றும் எழுதிப் பார்த்தேன். அதையும் அவள் வாயில் வைக்கக் கை வரவில்லை. இரண்டு வரியும் இங்கேயே கிடக்கட்டும். நீங்கள் எதை எடுத்தாலும் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: வெள்ளிக்கிழமை அவள் போனை எடுப்பாள். எடுத்ததும் அந்தப் பக்கம் அவர், காத்திருந்ததைக் காட்டாத குரலில், “காளி” என்பார்.