சதகுப்பைத் தொட்டி

எய்னோவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். பெட்டியின் கனம்தான் தோளில் தெரிந்தது. உள்ளே ஆள் இருப்பதே தெரியவில்லை. அவன் மனைவி கெர்ட்டு பின்னால் நடந்து வந்தாள். அழவில்லை. பக்கத்து வீட்டு ஓரஸ்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி தன் வாசலில் நின்றான். அவனைத் தாண்டும்போது அவள் ஒரு நொடி நின்று, முகத்தைப் பார்த்துவிட்டு நடந்தாள்.

கனடாவின் தண்டர் பே நகரத்தில் ஏப்ரல் வரை பனி. பச்சையாக எதையாவது பார்க்க வேண்டுமென்றால் நிலவறையில் விளக்குப் போட்டுத்தான் வளர்க்க வேண்டும். கெர்ட்டு நகரப் பேருந்து ஓட்டியவள். காகித ஆலையில் மின்வேலை பார்த்த எய்னோதான் அவளுக்கு விளக்குகளைக் கட்டிக் கொடுத்தான். தக்காளி, லெட்யூஸ், புதினா, சதகுப்பை. எங்கள் ஃபின்லாந்துக்காரர்களுக்குச் சதகுப்பைத் தழை இல்லாமல் உருளைக்கிழங்கு தொண்டையில் இறங்காது.

எய்னோவுக்கு வயிற்றில் புற்றுநோய் வந்த பிறகு தக்காளிக்கு நடுவே மூன்று கஞ்சாச் செடிகளும் வளர்ந்தன. சிகிச்சைக்குப் பின் சாப்பாட்டு வாசனை பட்டாலே அவனுக்குக் குமட்டும். கஞ்சா இரண்டு இழுப்பு இழுத்தால் கொஞ்ச நேரத்தில் தானாகவே எழுந்து, "உப்பு மீன் இருக்கா கெர்ட்டு?" என்று கேட்பான். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் அந்தச் செடிகளை வளர்த்தாள். டாக்டர் எழுதித் தர மறுத்துவிட்டார். சீட்டு இல்லாமல் வளர்ப்பது அப்போது சட்டப்படி குற்றம்.

ஒரு பிப்ரவரிக் காலையில் போலீஸ் வந்தது. எது கஞ்சா, எது கீரை என்று பார்க்கக்கூட அவர்களுக்குப் பொறுமை இல்லை. தக்காளிச் செடியைக் காயோடு பிடுங்கினார்கள். எல்லாம் கறுப்புப் பைகளில் போயிற்று. எய்னோ இருந்த நிலையைப் பார்த்து வழக்கைக் கைவிட்டார்கள். ஆனால் அவன் அதன் பிறகு உப்பு மீன் கேட்கவே இல்லை. பனி உருகுவதற்குள் போய்விட்டான்.

யார் சொன்னது என்று கெர்ட்டு தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அடக்கம் முடிந்த சில நாளில் ஓரஸ்ட்டே வேலியோரம் வந்து நின்றான்.

"நான்தாங்க போன் பண்ணேன். மனசுல வச்சுக்காதீங்க. நாத்தம் தாங்கல. சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு," என்று மட்டும் சொன்னாள் கெர்ட்டு.

வருஷங்கள் போயின. சட்டம் மாறியது. வீட்டுக்கு நாலு செடி வளர்க்கலாம் என்றார்கள். எங்கள் தெருவில் அதற்காக முதலில் விளக்கு வாங்கியவன் யார் என்கிறீர்கள்? ஓரஸ்ட்தான். நிலவறையில் வெள்ளித்தாள் உள்பூச்சுப் போட்ட கூடாரம், நாலு பக்கமும் காற்றாடி. அவன் புகைக்க மாட்டான். வளர்ப்பாளர் சங்கப் போட்டியில் கோப்பை வாங்க வேண்டும், அவ்வளவுதான். ரொட்டிக் கடையில் நின்றுகொண்டு, "இந்த வருஷம் பாருங்க, நம்ம செடி பக்கத்துல ஒருத்தனும் வர முடியாது" என்பான். வரிசையில் பின்னால் கெர்ட்டு நிற்பதை அவன் திரும்பிப் பார்த்ததுகூட இல்லை.

கஞ்சாவில் ஆண் செடி, பெண் செடி தனித்தனி. புகைக்க உதவுவது பெண் பூ. ஆணின் மகரந்தம் பட்டுவிட்டால் பூ முழுக்க விதையாகி வீரியம் போய்விடும். அதனால் ஆண் என்று தெரிந்த மறுநிமிடமே பிடுங்கி எறிவோம். கெர்ட்டு அந்த வருஷம் பெண் செடியே வைக்கவில்லை. கீழே காய்கறியும் கீரையும். மேல்மாடிக் குளியலறையில் கதவைச் சாத்தி, தனி விளக்கில், ஒரே ஒரு ஆண் செடி.

அதன் மகரந்தத்தை அவன் கூடாரத்துக்குள் எப்படிக் கொண்டு சேர்ப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, மனைவி ஹல்யா சொல்லி ஓரஸ்ட்டே வந்து கதவைத் தட்டினான்.

"ஹல்யா கேட்டு வரச் சொன்னா. பெரோகிக் கொழுக்கட்டைக்குத் தூவ உங்க சதகுப்பை கொஞ்சம் கிடைக்குமா? கடையில வாங்குறது வைக்கோல் மாதிரி இருக்கு."

"கொஞ்சம் எதுக்கு? தொட்டியோடயே தரேன். நாளைக்கு வாங்க."

அன்று மாலை அவள் ஆண் செடியை ஒரு காகிதத்தின் மேல் சாய்த்துத் தட்டினாள். மஞ்சள் தூள் கொட்டியது. மாவு சலிக்கும் சல்லடையால் அதைச் சதகுப்பைத் தழை மேல் தூவினாள். அந்த மெல்லிய இலைகளில் அது ஒட்டியதே தெரியவில்லை.

மறுநாள் வந்தவனிடம் அக்கறையாகச் சொன்னாள்: "ஒரு வாரத்துக்கு இலை மேல தண்ணி படக் கூடாது, அழுகிடும். வேருக்கு மட்டும் ஊத்துங்க. காத்தாடி முன்னால வச்சா தண்டு உரமா வரும்."

"அப்ப என் கூடாரத்துலயே வச்சிடறேன். வெளிச்சமும் ஆச்சு, காத்தும் ஆச்சு."

"அங்கயே வைங்க."

"பழசையெல்லாம் மறந்துட்டீங்க. பெரிய மனசுங்க உங்களுக்கு!"

"குளிர் உள்ள வருது," என்று கதவைச் சாத்தினாள்.

சில வாரத்தில் ஓரஸ்ட்டின் பூக்கள் உப்ப ஆரம்பித்தன. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கடையில், தெருவில், எங்கே பார்த்தாலும் கட்டைவிரலை நீட்டி, "இந்தப் பருமன்!" என்றான்.

போட்டி நாளன்று நடுவர் மேசையில் நானும் இருந்தேன். ஒருநாளும் அந்தப் பக்கம் வராத கெர்ட்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். ஓரஸ்ட்டின் தட்டு வந்தது. பூவை இரண்டு விரலால் பிய்த்தேன். பொலபொலவென்று விதை கொட்டியது. இன்னொன்றைப் பிய்த்தேன். அதிலும் விதை.

"கோழித் தீனி கொண்டாந்திருக்கான்டா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். கூடமே சிரித்தது. "ஒரு மூட்டை கிடைக்குமா ஓரஸ்ட்? என் கிளிக்கு வேணும்!" ஓரஸ்ட் காது வரை சிவந்து, தட்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறினான். கெர்ட்டு எழுந்து அவன் பின்னாலேயே போனாள். ஏதோ நடக்கப் போகிறது என்று நானும் ஓடினேன்.

கார் நிறுத்துமிடத்தில் அவனைப் பிடித்தாள்.

"சதகுப்பை எப்படி இருந்துச்சு, ஓரஸ்ட்?"

அவன் அவளையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தான். மெல்லப் புரிந்தது. "நீங்களா? அடிப்பாவி... ஒரு வருஷ உழைப்பு! நான் போலீசுக்குப் போவேன்!"

"போயேன். பழகின வழிதானே உனக்கு? பக்கத்து வீட்டுக்காரி கீரை குடுத்துட்டான்னு எழுதிக் குடு." அவள் குரல் உயரவே இல்லை. "கடைசியில எய்னோவுக்கு ஒரு ஸ்பூன் கஞ்சிகூட இறங்கல. நான் ஊட்டிக்கிட்டே இருக்கேன், அவன் துப்பிக்கிட்டே இருக்கான். அப்ப உன் வீட்டுலேருந்து வெங்காயம் வதக்குற வாசனை வந்துச்சு. அது பட்டாலே அவனுக்குக் குடலைப் புரட்டிச்சு. தினமும் வந்துச்சு ஓரஸ்ட். நான் யாருக்கும் போன் பண்ணல."

அவன் தட்டைப் பின்சீட்டில் எறிந்தான். காரில் ஏறிப் போய்விட்டான்.

அந்த வாரமே கூடாரத்தைப் பிரித்துவிட்டான். ரொட்டிக் கடைக்கும் வருவதில்லை, ஹல்யாதான் வந்தாள்.

பிறகு ஒருநாள் கெர்ட்டுவின் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்: "இப்பவாவது மனசு ஆறிச்சா?"

"ஆறல. அவன் முகம் சிவந்ததை நினைச்சுத்தான் தூங்கறேன். நல்லாத் தூக்கம் வருது. ஆனா இன்னும் வேணும்னு இருக்கு."

கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஹல்யா. கையில் ஒரு தட்டுப் பெரோகி, ஆவி பறந்துகொண்டிருந்தது.

"போன் பண்ணாதன்னு அன்னிக்கே அவர்கிட்ட சொன்னேன் கெர்ட்டு. கேக்கல," என்றாள். தட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

கெர்ட்டு தட்டை மேசையில் வைத்து முன்னால் உட்கார்ந்தாள். பிறகு எனக்கு ஒன்றுகூடத் தராமல் அத்தனையையும் தின்றாள். தட்டைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வீட்டுப் படியில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஓரஸ்ட் கதவைத் திறந்தான். அவள் நகரவில்லை. அவன் கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் விழுகிற வரைக்கும் அப்படியே நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.