கையின் எடை

மார்ச் 14, வெள்ளிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு, பொது மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், எழுபத்தொரு வயதான ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக் ஒருவர் சிறுநீரகச் செயலிழப்பால் இறந்தார். பதினொன்றரைக்கு அவருடைய மகள், அவர் வளர்த்த பூனையைக் கூடையில் வைத்து வாசலுக்குத் தூக்கி வந்தாள்.

நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்தான்.

"எங்கக்கா கெளம்பிட்ட?"

"நான் வேலை பாக்கற ஆஸ்பத்திரிக்கு. இவன் ஒண்ணுக்குப் போய் ஒன்றரை நாள் ஆவுது போல. வயித்தத் தொட்டுப் பாரு, கல்லு மாதிரி இருக்கு."

"நாலு மணிக்கு எடுக்கிறோம்."

"அதுக்குள்ள வந்துடறேன்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "அப்பாவுக்கு ஒரு பேப்பரப் பாத்துட்டு டயாலிசிஸ் மெஷின எடுத்துடலாம்னு சொன்னவ நீ. பூனைக்கு மட்டும் ஓடுற."

அவள் கூடையின் மூடியைச் சரிசெய்தாள். அவன் சொன்னது பொய்யில்லை. செவ்வாய்க்கிழமை சிறுநீரக மருத்துவர் அப்பாவின் ஸ்கேன் அறிக்கையை நீட்டியபோது, அம்மாவும் தம்பியும் அதைப் பார்க்கவில்லை; அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் கால்நடை மருத்துவர்; பதினைந்து வருடமாக ஸ்கேன் பார்ப்பவள். "இது திரும்ப வேலை செய்யாது" என்றாள். மருத்துவரும் அதையேதான் சொன்னார். ஆனால் வீட்டில் நினைவிருந்தது அவள் குரல்தான்.

உள்ளேயிருந்து அம்மா சொன்னாள்: "போகட்டும் விடுடா. ஓனரும் போயிட்டா நான் யாருக்குக் கதவத் தெறக்கறது?"

பூனையின் பெயர் ஓனர். வீடு அவன் பேரில் இருக்கிறது, நான் வாடகைக்கு இருக்கிறேன் என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். எல்லோரும் மருத்துவமனையில் கிடந்த நாட்களில் பக்கத்து வீட்டுக்காரி சோறு வைத்தாள். நேற்று, அவன் ஒண்ணுக்குப் போகும் மணல் தட்டு காய்ந்து கிடக்கிறது, என்ன சுத்தமான பிள்ளை என்று போனில் மெச்சினாள். அம்மா அதைத் திருப்பிச் சொன்னபோது அவளும் தலையாட்டினாள். ஆண் பூனையின் தட்டு காய்ந்திருந்தால் சிறுநீர் அடைப்பு என்று மாதம் நாலு பேருக்குச் சொல்பவள்.

அவள் வேலை பார்க்கும் விலங்கு மருத்துவமனையில் அன்று நர்ஸ் மட்டும் இருந்தாள். எந்த விலங்கும் அவள் பிடியிலிருந்து நழுவாது என்பதால் கிடுக்கி என்று பெயர்.

"இன்னைக்கு ஏன் டாக்டர் வந்தீங்க? சொல்லியிருந்தா நானே வீட்டுக்கு வந்து எடுத்துட்டு வந்திருப்பேன்ல."

"நேரமில்ல. பிடி."

மயக்க மருந்து கொடுத்துச் சிறுநீர்ப் பாதையில் குழாயைச் செலுத்தினாள். மூன்றாவது முயற்சியில் அடைப்பு விட்டது. சிறுநீர் செந்நிறமாக வந்தது. இரத்தத்தில் இரண்டையொட்டி இருக்க வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு பதினான்கைத் தாண்டியிருந்தது. அடைப்பை எடுப்பது பாதி வேலைதான். தேங்கிய அழுத்தத்தில் நசுங்கிய சிறுநீரகம் மீளுமா என்பது அதன் பிறகுதான். அதற்காக அவள் ஸ்கேனில், சிறுநீரகத்துக்குள் ஓடும் இரத்தத்துக்கு எவ்வளவு தடை இருக்கிறது என்று அளப்பாள். மூன்று முறை அளந்து சராசரி. புள்ளி ஏழுக்குள் இருந்தால் நம்பிக்கை. ஏற ஏறக் குறையும்.

புள்ளி எட்டு ஆறு. எட்டு ஐந்து. எட்டு ஆறு.

இன்னொரு பக்கமும் அப்படியே.

எண்களை அவள் தாளில் எழுதினாள்.

"கிடுக்கி, ஒரேயடியா தூங்க வைக்கிற அந்த ஊசிய எடுத்து வை. கஷ்டப்பட வேணாம் இவன்."

கிடுக்கி அசையவில்லை.

"டாக்டர், உங்க கட்டைவிரலப் பாருங்க."

நகம் வெளுத்திருந்தது.

"படிக்க வர்ற புள்ளைங்க இப்படி வச்சா கையில அடிப்பீங்க. இந்த அமுக்கு அமுக்கினா எனக்கே ரத்தம் ஓடாது."

அவள் ஸ்கேன் கருவியை எடுத்தாள். மழித்த வயிற்றில் அதன் விளிம்பு பதிந்த பள்ளம் மெல்ல நிரம்பியது. குழாயடிக்குப் போய் முழங்கை வரை கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். திரும்பி வந்து, ஜெல்லைப் புதிதாகத் தடவி, கருவியைக் கையின் எடை சேராமல் வைத்தாள்.

புள்ளி ஏழு நான்கு. ஏழு மூன்று. ஏழு ஐந்து.

"இது நல்லதா கெட்டதா?"

"தெரியல. சலைன் போட்டுட்டு மூணு நாலு நாள் பாக்கணும்."

"அப்போ பாப்போம். நீங்க கெளம்புங்க. மணி மூணு."

காரில் ஏறியவள் உடனே வண்டியை எடுக்கவில்லை. அப்பாவின் வயிற்றில் கருவியை வைத்தது யார் என்று அவள் கேட்டதில்லை. அறிக்கையின் கீழே ஒரு கையெழுத்து இருந்தது, அதையும் படித்ததில்லை.

மூன்று நாற்பதுக்கு வீட்டை அடைந்தாள். அப்பாவின் தலைப்பக்கம் தம்பி நின்றிருந்தான்.

"என்னாச்சு?"

"மொதல்ல தப்பா அளந்துட்டேன். தூங்க வச்சிடலாம்னு சொல்லிட்டேன். அப்புறம் திரும்ப அளந்தேன்."

"திரும்ப அளந்தா?"

"சொல்ல முடியல."

அவன் அவளையே பார்த்தான். "அப்பாவுக்கு எடுத்த ஸ்கேன்..." என்று வாயெடுத்து, அம்மா பக்கத்தில் இருப்பதைக் கண்டு நிறுத்தினான். பிறகு நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான். நாலு ஐந்துக்கு எடுத்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பூனையின் குழாயை எடுக்க வேண்டியிருந்தது. கிடுக்கி எடுப்பாள் என்று அவள் அம்மாவோடு வீட்டில் இருந்தாள். காலையிலேயே தம்பி, யாரும் சொல்லாமல், அங்கே போய் உட்கார்ந்திருந்தான். மதியம் இரண்டு பத்துக்கு அவனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, ஒண்ணுக்குப் போயிட்டான். ரெண்டு தடவ."

"ரத்தம் இருந்துச்சா?"

"இல்ல. கிரியாட்டினின் ரெண்டு புள்ளி ஒண்ணாம். நர்ஸ் சொல்லச் சொன்னாங்க."

"சரி."

"ம்."

இருவரும் வைக்காமலே அழைப்பு நான்கு நிமிடம் இருபது விநாடி நீடித்தது. அதில் பேசியது இவ்வளவுதான்.