ஆறு மாத விசா

செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருக்கும் ஸ்டான்லியின் அலுவலகத்துக்குக் கலையரசன் படியேறியது அது ஐந்தாவது முறை. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக நின்றுகொண்டே வந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஐம்பது வயதுச் சிற்பி. நாள் முழுக்கக் கருங்கல்லோடு மல்லுக்கட்டுவான். நாலு பக்கப் படிவத்தைப் பார்த்தால் மட்டும் அவனுக்குக் கொட்டாவி வரும்.

விஷயம் இதுதான். கனடாவில் ஒரு கோயில். அங்கேயே தங்கி முருகன் சிலை செய்து கொடுத்து, கும்பாபிஷேகம் முடிந்து கிளம்ப வேண்டும். எப்படிப் பார்த்தாலும் பத்து மாதம். எந்த விசாவில் போவது என்ற இடத்தில்தான் ஐந்து முறையும் பேச்சு முட்டிக்கொண்டு நின்றது.

"இன்னா அண்ணாத்த, சொன்னதையே சொல்ல வைக்கிற?" என்றான் விசா ஏஜென்ட் ஸ்டான்லி. "விசிட்டர் விசான்னா சட்டுனு முடிஞ்சிரும். எதுக்குப் போறன்னு கேட்டா, சொந்தக்காரன் வூட்டுக்குன்னு சொல்லிக்கோ."

"ஆறு மாசம்தான இருக்க வுடுவான்?"

"அப்பால நீட்டிச்சிக்கலாம்."

"போன தபாவும் இதத்தான சொன்ன?"

ஸ்டான்லி எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அதே கோயிலுக்கு அம்மன் சிலை செய்யத்தான் கலையரசன் விசிட்டர் விசாவில் போனான். கணக்கில் பிசகியவன் அவனேதான். கல்லுக்கு எத்தனை நாள் என்று மட்டும் எண்ணினான். அதில் அவன் புலி. ஐந்தரை மாதத்தில் அம்மனை நிற்க வைத்துவிட்டான். ஆனால் கண் திறப்பு என்று ஒன்று இருக்கிறதே! சிலையைக் கருவறையில் நிறுத்திய பிறகு, கும்பாபிஷேகத்தை ஒட்டி, குருக்கள் குறித்துக் கொடுக்கும் முகூர்த்தத்தில்தான் கண்ணில் உளி படும். செய்த கையே திறக்க வேண்டும் என்பது சிற்பிகள் வழக்கம். குருக்கள் பஞ்சாங்கத்தைத்தான் பார்த்தார், இவன் பாஸ்போர்ட்டைப் பார்க்கவில்லை. விசா முடிந்து பதினெட்டாம் நாள்தான் முகூர்த்தம். நீட்டிக்கச் சொல்லிப் போட்ட மனுவும் தள்ளுபடி ஆனது.

அம்மனுக்கு யாரோ கண் திறந்தார்கள். மாமல்லபுரத்தில், பட்டறைக் கொட்டகைக்குள் உட்கார்ந்து கலையரசன் அதைச் செல்போனில் பார்த்தான். தான் பெற்ற பிள்ளைக்கு ஊரில் எவனோ பெயர் வைத்த மாதிரி இருந்தது. அன்று அவன் சாப்பிடவில்லை. இன்றைக்கும் அந்த அம்மன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான்.

"வேலை விசாவே போடு," என்றான்.

"அதுக்குக் கோயில்காரங்க லெட்டர் குடுக்கணும், அங்க பர்மிஷன் வாங்கணும். எப்ப வரும்னு எனக்கே தெரியாது. அவங்க காத்துகினு இருப்பாங்களா?"

"பொய் சொல்லிட்டுப் போயி, மறுபடியும் கண்ணத் தொறக்காம திரும்பி வர என்னால முடியாது ஸ்டான்லி. போடு."

போட்டார்கள். அந்தக் கடிதம், இந்தச் சான்றிதழ், கையெழுத்து சரியில்லை, படத்தில் காது தெரியவில்லை என்று மாதங்கள் போயின. கலையரசன் செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடையாய் நடந்தான்.

ஒருநாள் காலையில் கோயில் செயலாளர் சுப்பிரமணி கனடாவிலிருந்து கூப்பிட்டார்.

"சிற்பி, உங்க விசா இழுத்துக்கிட்டே போகுது. கமிட்டியில பேசி முடிவு பண்ணிட்டோம். நீங்க அங்கேயே சிலையைச் செஞ்சு கப்பல்ல அனுப்பிடுங்க. கண் திறக்க மட்டும் இங்க ஆள் பாத்துக்கறோம்."

அவர் நல்ல மனிதர்தான்; தான் எந்த இடத்தில் கை வைக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. கலையரசன் சண்டை போட்டிருக்கலாம். அவ்வளவு தெம்பு இல்லை. "சரிங்க" என்று போனை வைத்தான்.

முருகன் நன்றாகவே வந்தான். அதுதான் இன்னும் வலித்தது. உதட்டோரம் ஒரு குறும்பு, நிற்கும் வாகில் ஒரு மிடுக்கு, எல்லாம் இருந்தது. கண் மட்டும் மழமழவென்று வெறுமையாக இருந்தது.

பெட்டியில் அடைக்கும் நாளன்று மனைவி ஷீலா டீ கொண்டுவந்தாள். சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டு கீறுதான? நீயே தொறந்துட்டு அனுப்பு. அங்க போயி யாருக்குத் தெரியப்போவுது?"

அவன் நினைக்காததா அது? ஒரு வாரமாக அதே நினைப்புதான். உளியை எடுத்தான். முருகன் முகத்துக்கு நேரே கை போனது, உளிமுனை கண்ணைத் தொட்டது. சுத்தியலைத் தூக்கியவன் அப்படியே நின்றான். பிறகு இரண்டையும் கீழே வைத்தான்.

"இன்னா ஆச்சு?"

"தொறக்கிற வரைக்கும்தான் ஷீலா கல்லு. தொறந்துட்டா சாமி. கண்ணு முழிச்சிகினு கீற புள்ளைய வைக்கோலுக்குள்ள படுக்க வச்சி, மேல பலகை போட்டு என்னால ஆணி அடிக்க முடியாது. ஒன்றரை மாசம் இருட்டுல இன்னான்னு நெனைக்கும் அது?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வைக்கோலை அள்ளிக் கொடுத்தாள்.

சிலையைப் பெட்டிக்குள் கிடத்தி, சுற்றிலும் வைக்கோலை இறுக்கினார்கள். மூடும் முன் கலையரசன் குனிந்து, அந்த வழுவழுப்பான இமையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினான்.

"எவன் தொறந்தா இன்னா, நல்லாப் பாரு நைனா," என்றான்.

பிறகு பலகையை வைத்து, தானே ஆணி அடித்தான்.