குனிந்தால்தான் வரும் பாட்டு

"டீச்சர், டிவில பாடினா திருவிடந்தைல தெரியுமா?"

பூவாயி கேட்ட முதல் கேள்வி அதுதான். சென்னையில் டிவி நிலையம் வந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருக்கும். கிராமத்துப் பாட்டுக்குப் போட்டி, பாடப் பாட நேரடியாகவே காட்டுவார்கள் என்று அறிவித்திருந்தார்கள். அச்சரப்பாக்கத்தில் நடவுக்குப் போகிற பெண்களில் பூவாயி பாடினால்தான் மற்றவர்களுக்குக் கை ஓடும். பால்வாடி டீச்சராக இருந்த நான்தான் அவள் பேரைக் கார்டில் எழுதிப் போட்டேன்.

"தெரியும். அங்க பஞ்சாயத்துல டிவி வச்சிருக்காங்களாம்."

"அப்ப வரேன்."

திருவிடந்தையில் அவள் வீட்டுக்காரர் முனிசாமி இருந்தார். கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனவர், அங்கேயே சவுக்குத் தோப்பில் மரம் வெட்டிக்கொண்டு தங்கிவிட்டார். கோபம் பூவாயியின் பாட்டு மேல். நடவில் ஆம்பிளைகளைப் பேர் சொல்லிக் கேலி பண்ணிப் பாடுவது வழக்கம்தான், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முனிசாமி எடுத்துக்கொண்டார்.

"நேர்ல போயே கூப்பிட்டேன் டீச்சர். ஊரே சிரிச்சுதே, எந்த மூஞ்சிய வச்சுகினு வர்றதுன்னு கேக்குது. இங்க மாமியாரு தெனம் எம்புள்ளய தொரத்திட்டியேன்னு உசுர எடுக்குது. டிவில மன்னிப்பு கேட்டுப் பாடிட்டா வந்துடும்."

மன்னிப்புப் பாட்டை நானே எழுதிக் கொடுத்தேன். 'கோபித்துச் சென்றவரே, குற்றம் பொறுத்தருள்வீர்' என்று தொடங்கும். மாமியார் சந்திரம்மா முழுசாகக் கேட்டுவிட்டு, "இது இன்னா, தாலுக்கா ஆபீசுக்கு மனு குடுக்கற மாதிரி கீது" என்றாள்.

நிலையத்தில் நிகழ்ச்சியை நடத்தியவர் கேசவன் என்று ஒருவர். "நேரா நில்லுங்கம்மா. கேமராவைப் பாத்து, சிரிச்ச முகமா" என்றார். பூவாயி நேராக நின்றாள். வாய் திறந்தது, காற்றுதான் வந்தது.

"தண்ணி குடிங்க."

"தண்ணி எறங்குது சார். பாட்டுதான் ஏறல."

"வயல்ல எப்படிப் பாடுவீங்க?"

"குனிஞ்சுகினு."

கேசவன் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப குனிஞ்சுக்குங்க" என்று மைக்கை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. பூவாயி புடவையைத் தூக்கிச் செருகிக் குனிந்தாள். இடது கையில் இல்லாத நாற்றை வலது கை எடுத்து சிமெண்டுத் தரையில் நட்டது. குரல் கணீரென்று வந்தது. முதல் வரி என்னுடையதுதான். நடவில் பின்னால்தானே நகர்வார்கள், கால் ஓர் அடி பின்னால் போயிற்று. அதோடு என் பாட்டும் போயிற்று, முனிசாமி கோபித்துக்கொண்ட பழைய பாட்டே வந்துவிட்டது.

*மீசைக்கு எண்ணெ வச்சான் முனிசாமி மச்சான்*
*நாத்த மாடு மேயுதுன்னா, மீசை காயட்டும்னான்!*

"சார், அந்தம்மா பின்னாடி போய்கினே கீறாங்க" என்றார் கேமராக்காரர்.

"நீயும் போய்யா."

கேசவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போனார். பூவாயி பின்னால் தொங்கிய திரைச்சீலை வரைக்கும் நட்டுக்கொண்டே போய் முட்டினாள். அதில் வரைந்திருந்த மலை ஆடியது. நடுவராக வந்திருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குரல் அருமை. முகம்தான் கடைசி வரைக்கும் தெரியலை" என்றார். பரிசு வேறு யாருக்கோ போயிற்று.

பஸ்ஸில் பூவாயி கேட்டாள். "டீச்சர், நான் இன்னா பாடினேன்?"

"மீசையை."

"முழுசாவா?"

"முழுசா."

"பேரோடவா?"

"பேரோட."

பஸ் செங்கல்பட்டு தாண்டியது. பிறகு, "போச்சு. இனிமே வராது அது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஆறுதல் சொல்லப் போனேன். அந்த நேரம் பார்த்து முனிசாமி உள்ளே வந்தார். தோளில் கோடாலி, வாயை மூடித் துண்டு.

"இன்னாடா துண்டு, பல்லு வலியா?" என்றாள் சந்திரம்மா.

துண்டை எடுத்தார். மீசை இல்லை.

"பஞ்சாயத்துல ஊரே குந்திகினு பாத்துது. காலைல டீக்கடைல பாட்றான், தோப்புல பாட்றான். கடக்கரைல வலை இழுக்கறவன்கூட அதையே பாடி இழுக்கறான். எங்க அக்கா பாத்திரம் தேச்சுகினே பாடுது. மீசைய எடுத்துப் பாத்தேன். அப்பவும் நிக்கல."

"இங்க மட்டும் பாட மாட்டாங்களா?" என்றாள் பூவாயி.

"பாடேன். அங்க கண்டவன் பாட்றான். நீ பாடினா அது நம்ம வூட்டு விசயம்."

பூவாயி தட்டை வைத்துச் சோறு போட்டாள். குழம்பை ஊற்றும்போது அவர் முகத்தையே பார்த்தாள்.

"மீசை இல்லாத ஆள வச்சுகினு நான் இன்னாத்த பாட்றது?"

முனிசாமி சோற்றைப் பிசைந்தார்.

"வளரும்" என்றார்.